பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதும் வயரிங்கில் கைவைப்பதும்: சிங்கப்பூர் வாசகருக்கான முழு வழிகாட்டி

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்பும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அதன் வயரிங்கை மாற்றப் போகிறீர்களா? ஆம் என்றால், யாரோ ஏற்கெனவே கைவைத்துவிட்ட கிட்டாராகப் பார்த்துத் தேடுங்கள். மறுவண்ணம் பூசியது, ட்யூனர் மாற்றியது, பாட் (குமிழுக்கு அடியிலுள்ள மின்தடைப் பாகம்) மாற்றியது போன்றவற்றைச் சந்தையில் 'பிளேயர் கிரேட்' என்பார்கள். மறுவண்ணம் பூசினாலே விலை ஏறக்குறையப் பாதியாகும் என்பது வியாபாரிகள் வழக்கமாகப் போடும் கணக்கு. ஒலி அப்படிப் பாதியாகிவிடுவதில்லை. தொழிற்சாலையில் வைத்த சால்டர் (வயர்களைப் பற்றவைக்கும் ஈயம்) இன்றுவரை உருகாமல் இருக்கும் 1964ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்கி, அதன்மேல் பற்றவைக்கும் அயர்னை வைப்பது மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட கிட்டார் கைக்கு வந்தால் சுத்தம் செய்து, வாசித்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கே என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும்

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனபின் இங்கே கிட்டார் குழுக்கள் பெருகின. அந்தக் காலத்துக் கருவிகள் வீடு மாறும்போதும் பரணைக் காலி செய்யும்போதும் எப்போதாவது வெளியே வரும். அவற்றில் பலவற்றின் உலோகப் பாகங்களை நம் ஊர் ஈரப்பதம் தின்றிருக்கும். சந்தையில் அதிகம் புழங்குவது 1970களிலும் 80களிலும் ஜப்பானில் செய்யப்பட்டவை: கிரெக்கோ, டோக்காய், ஐபனெஸ், 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பான். ஃபெண்டர் ஜப்பானின் முதல் தொகுதிகளில் வரிசை எண் 'ஜேவி' என்று தொடங்கும். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் ஐபனெஸின் அமெரிக்க விநியோக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதைச் சாக்காக வைத்து 'லாசூட்' என்ற பட்டத்தை எந்த ஜப்பானிய நகலுக்கும் ஒட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்தப் பட்டத்துக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மற்றபடி, வயரிங்கில் கைவைத்துப் பழக இந்த ஜப்பானியக் கிட்டார்களைவிடப் பொருத்தமானவை கிடையாது. கட்டுமானம் உறுதி, விலை எட்டும் தூரம், ஒரு பாட்டை மாற்றினால் யாரும் அழப்போவதில்லை.

நேரில் பார்க்க, நகர மண்டப எம்ஆர்டிக்கு அருகில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் தொடங்கலாம். தனிநபர் விற்பனை பெரும்பாலும் கேரோசெல்லில் நடக்கிறது. இரண்டுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) கடைகள் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். கொடுத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடையின் பொறுப்பு. பயன்பாட்டுத் தேய்மானத்தையும் வாங்கும்முன் சொல்லப்பட்ட குறையையும் இது காக்காது. தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. ஆகவே கேரோசெல்லில் வாங்குபவர் கையில் மல்டிமீட்டர் இருக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ தருவித்தால், 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. கிட்டார் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். கிட்டார் 2,400 வெள்ளி, அனுப்பும் செலவும் காப்புறுதியும் 180 வெள்ளி என்றால், 2,580இல் 9 விழுக்காடு, அதாவது 232 வெள்ளி 20 காசு. கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகப் போடும்.

வரியைவிடப் பெரிய சிக்கல் மரத்தில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. 1960களின் நடுப்பகுதிவரை செய்த பல ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களின் விரல்பலகை அந்த மரம்தான். அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் ஆவணமும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு இருக்கிறது. ஆகவே 80களின் ஜப்பானியக் கிட்டார்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

பார்க்கப் போகும்போது

பையில் வேண்டியவை: மல்டிமீட்டர், கிட்டார் கேபிள் ஒன்று, சிறிய டார்ச், புற ஊதா டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி, 1ஆம் 2ஆம் எண் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூட்ரைவர்கள். ஜப்பானியக் கிட்டாராக இருந்தால் ஜிஸ் (ஜப்பானியத் தர) அளவு ஸ்க்ரூட்ரைவர். ஜப்பானிய ஸ்க்ரூவில் சாதாரண ஃபிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். வயரிங்கை மூடியிருக்கும் முன்தகடுதான் பிக்கார்டு. 'பிக்கார்டைக் கழற்றிப் பார்க்கலாமா?' என்று முதல் குறுஞ்செய்தியிலேயே கேட்டுவிடுங்கள். மறுப்பவரிடம் பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் மரம். கிப்சன் வகைகளில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் நட்டுக்கு (தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கு) பின்னால்தான் முறியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்த இடத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நன்றாக ஒட்டிய முறிவு வாசிப்பைக் கெடுக்காது; விலையை மட்டும் பாதிக்குக் கீழே இழுக்கும். வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது உங்களுக்கு லாபம். அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியில் உடலைச் சுற்றிப் பாருங்கள். வயதான நைட்ரோ லாக்கர் (பழைய கிட்டார்களின் மேற்பூச்சு) மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். பின்னால் பூசிய இடம் அப்படி மின்னாது, திட்டாகத் தெரியும். நெக்கின் (கழுத்தின்) உள்ளிருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட்டின் திருகுமுனை திரும்புகிறதா, ஃப்ரெட்டில் (விரல்பலகையின் உலோகக் கோடுகளில்) உயரம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன ட்ரஸ் ராட்டையும் தேய்ந்த ஃப்ரெட்டையும் சரிசெய்யும் கூலிதான் பேரத்தில் உங்கள் கையிலுள்ள துருப்பு.

பிறகு வயது. பாட்டின் முதுகிலோ விளிம்பிலோ ஓர் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் உற்பத்தியாளர்: 137 என்றால் சிடிஎஸ், 304 ஸ்டாக்போல், 134 சென்ட்ரலாப். மிச்சமுள்ளவை ஆண்டும் வாரமும். 1376633 என்றால் சிடிஎஸ், 1966, 33ஆம் வாரம். 1965 கிட்டார் என்று சொல்லி விற்பதில் இந்த எண் இருந்தால் பாட் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது சொன்ன ஆண்டு தவறு. எதிர்த்திசையில் இந்த விதி அப்படியே செல்லாது. 1966இல் ஃபெண்டர் ஏராளமான பாட்களை வாங்கிக் குவித்ததால் 60களின் கடைசியில் செய்த கிட்டாரிலும் 66ஆம் ஆண்டு எண் இருக்கும். அது குறையில்லை.

ஃபெண்டரில் நெக்கைக் கழற்றினால் அடிப்பாகத்தில் தேதி தெரியும். 1962 வசந்தகாலம் முதல் ரப்பர் முத்திரை: '2 மார் 63 பி' போல. முதலில் நிற்கும் 2 மாடல் குறியீடு. மாதத்தில் இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கடைசி எழுத்து நட்டின் அகலம். அது நெக் செய்த தேதி மட்டுமே; கிட்டார் முழுதாக வெளிவந்தது சில மாதம் கழித்துக்கூட இருக்கலாம். கிப்சனில் 60களின் வரிசை எண்கள் திரும்பத் திரும்ப வருவதால் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பாட், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச்சுருள்), ட்யூனர், தலைப்பகுதியின் கோணம் எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்ல வேண்டும்.

பிக்கப்பில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1957 முதல் 1962வரையிலான கிப்சன் ஹம்பக்கர்களில் (இரட்டைச்சுருள் பிக்கப்களில்) 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று இருக்கும். அதன்பின் வந்தவற்றில் 2,737,842 என்ற எண். வேடிக்கை என்னவென்றால் அந்த எண் பிக்கப்பின் காப்புரிமையே இல்லை. லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகத்துக்கு) கொடுத்தது. இந்த ஸ்டிக்கர்களைப் போலியாக அச்சடிப்பது எளிது. பழைய காகிதத்தில் அடித்தால் நிபுணரும் தடுமாறுவார்.

மீட்டரை வைத்துப் பார்ப்பது

பிக்கார்டைத் திறக்காமலே பாதி உண்மை தெரிந்துவிடும். ஒலியளவு, டோன் குமிழ் எல்லாவற்றையும் 10இல் வையுங்கள். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் அதன் உலோக உடலிலும் மீட்டரின் முனைகளைப் பிடித்து 20 கிலோஓம் அளவில் படியுங்கள். பிக்கப் தேர்வு ஸ்விட்ச்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) பிக்கப் சுமார் 5.5 முதல் 6.5 கிலோஓம், கிப்சன் வகை ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோஓம். மீட்டரில் தெரிவது பிக்கப்பின் மதிப்பைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் ஒலியளவு பாட்டும் இணையாக நிற்கிறது. 6 கிலோஓம் பிக்கப் 250 கிலோஓம் பாட்டோடு 5.86 ஆகத் தெரியும். இரண்டு பிக்கப்பும் ஒன்றாக இயங்கும் நிலையில் ஏறக்குறையப் பாதி வரும்.

விற்பவர் இணையத்தில் போட்ட எண்ணும் உங்கள் மீட்டரும் ஒத்துப்போகவில்லை என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். 20 டிகிரி அறையில் 6.00 காட்டிய பிக்கப், மின்விசிறி மட்டும் ஓடும் நம் வீவக வீட்டின் 32 டிகிரி வெயிலில் 6.28 காட்டும். கிட்டார் அறை வெப்பத்துக்கு வந்தபிறகு அளந்து, வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எண்ணே வராமல் மீட்டர் திறந்த இணைப்பு என்று காட்டினால் கம்பிச்சுற்று அறுந்திருக்கலாம், அல்லது வழியில் ஒரு பற்றவைப்பு விட்டிருக்கலாம். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் ஜாக்கிலோ ஸ்விட்ச்சிலோ ஷார்ட். ஃபெண்டர் வகை ஒற்றைச்சுருள் பிக்கப்பில் கம்பி நேரடியாகக் காந்தத்தண்டின்மேல் சுற்றப்பட்டிருக்கும். வியர்வையும் ஈரமும் இறங்கிக் காந்தம் துருப்பிடித்தால், துரு உள்ளிருந்தே கம்பியை அறுத்துவிடும். இந்த ஊரில் பல காலம் மூடாமல் கிடந்த கிட்டாரில் இது அடிக்கடி நடப்பது. காந்தமுனைகள் செம்பழுப்பாக இருந்தால், இன்று ஒலித்தாலும் சுருளை மறுபடி சுற்றும் (மறுசுற்று) செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

திறக்க விட்டால் பார்க்க வேண்டியது சால்டரை. பழைய பற்றவைப்பு மங்கிய சாம்பல் நிறம்; புதியது பளபளக்கும். ஒரே பாட்டின் முதுகில் இரண்டு நிறம் தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். துணிபோர்த்திய வயருக்கு நடுவில் பிளாஸ்டிக் வயர் வந்தாலும் அப்படித்தான். உடலில் புதிதாக மரம் குடைந்த தடம் இருக்கிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். வயரை மாற்றினால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்; குடைந்த மரம் திரும்பாது.

1959 முதல் 1964வரையிலான ஃபெண்டர்களின் பிக்கார்டுகள் பலவும் செல்லுலாய்டில் செய்தவை. வயதாக ஆகச் சுருங்கி ஸ்க்ரூத் துளைகளில் வெடிக்கும். கழற்றியபின் துளைகள் பொருந்தவில்லை என்றால் இழுத்து ஸ்க்ரூ போடாதீர்கள். இந்தச் செல்லுலாய்டு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அதன்மேல் வைத்து ஒருபோதும் சால்டர் செய்யக் கூடாது.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். வறண்ட ஊரிலிருந்து வந்த நெக் இங்கே ஈரத்தை உறிஞ்சி வளைவை மாற்றிக்கொள்ளும். பெட்டி வந்த அன்றே ட்ரஸ் ராட்டைத் திருப்பாதீர்கள். ஒரு வாரம் விட்டு, பிறகு ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் சரிசெய்யுங்கள். குளிர்சாதன அறையில் குளிர்ந்த கிட்டாரை வெளியே கொண்டுபோனால் உடனே பெட்டியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். அதுதான் துருவுக்கு முதல் படி. அரை மணி நேரம் மூடியே வையுங்கள். டிரை கேபினட் இருந்தால் 45 முதல் 50 விழுக்காடு போதும். அதற்குக் கீழே இறக்கினால் ஃப்ரெட் முனைகள் துருத்தும். ஸ்டாண்டின் ரப்பர் நைட்ரோ லாக்கரை உருக்கிவிடும். பருத்தித் துணியைச் சுற்றிவையுங்கள்.

கரகரக்கும் பாட்டை மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள். எச்சம் விடாத காண்டாக்ட் கிளீனரைப் பாட்டின் கால்கள் நுழையும் இடைவெளியில் ஒரு சொட்டுவிட்டு, குமிழை முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். பழைய பாட்களில் பாதி இதிலேயே அமைதியாகிவிடும். வீட்டில் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். அது தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பழைய ஆம்ப்ளிஃபையரும் கூடவே வந்தால் செருகுவதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட், ஜப்பானிய ஆம்ப் 100 வோல்ட், நம் சுவரில் 230. சரியான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எர்த் இல்லாத இருமுனை வயர் இருந்தால் ஆம்ப் தெரிந்த தொழில்நுட்பரிடம் கொடுத்து மூன்றுமுனைக்கு மாற்றியபிறகே கிட்டாரைச் சேருங்கள். கிட்டாரின் கம்பிகள் அந்த எர்த்தோடு சேர்ந்தவை, அந்தக் கம்பிகளைத் தொடுவது உங்கள் கை.

எந்த மாற்றம் தகும்

ஒரே ஓர் அளவுகோல் போதும்: அரை மணி நேரத்தில் தடமின்றித் திருப்பிவைக்க முடியுமா? முடிந்தால் செய்யலாம். துளை, குடைவு, வெட்டிக் குறைத்த வயர், பிக்கப்பின் அடித்தகட்டில் பற்றவைப்பு, இந்த நான்கில் ஒன்று வந்தாலும் பழைய கிட்டாரில் வேண்டாம். அவை புதுக் கிட்டாருக்கு உரிய வேலைகள்.

லெஸ் பால் வகை ஜப்பானியக் கிட்டாரில் முதலில் செய்துபார்க்க வேண்டியது ஐம்பதுகளின் வயரிங். பின்னாளில் வழக்கமான வயரிங்கில் டோன் கெபாசிட்டர் ஒலியளவு பாட்டின் ஓரக்காலில், அதாவது பிக்கப் வந்து சேரும் காலில், தொடுக்கப்பட்டிருக்கும். அந்த முனையை எடுத்து நடுக்காலில் வைத்தால் போதும். ஒரு பிக்கப்புக்கு ஒரே ஒரு பற்றவைப்பு. ஒலியளவைக் குறைத்தாலும் கூர்மை போகாது. பதிலுக்கு டோனைக் குறைக்கும்போது ஒலியளவும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும். சிலருக்கு அது பிடிக்காது. ஒரு வாரம் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ட்ரெபிள் பிளீட் அதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு. ஒலியளவைக் குறைக்கும்போது பாட்டின் மின்தடை கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து உச்ச ஒலிகளை விழுங்குகிறது. கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 6 மீட்டருக்கு 600. 150 கிலோஓம் ரெசிஸ்டரையும் 1,000 பிக்கோஃபாரட் கெபாசிட்டரையும் இணையாக முறுக்கி, ஓரக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் வையுங்கள். கெபாசிட்டரை மட்டும் வைத்தால் ஒலியளவு குறையக் குறைய ஒலி தகரம்போல் மெலியும். ரெசிஸ்டர் அதைக் கட்டுப்படுத்துகிறது. பளிச்சென்று ஒலிக்கும் ஸ்ட்ராட்டில் 680 பிக்கோஃபாரட்டே போதும். ஐம்பதுகளின் வயரிங்கும் ட்ரெபிள் பிளீட்டும் ஒரே பாட்டில் சேர்ந்து தேவையில்லை.

பழைய ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பிகளின் அடிப்புறத்தில் இருப்பதற்கு) டோன் குமிழ் கிடையாது. ஸ்விட்ச்சின் டோன் பக்கத்தில் மூன்று கால்கள் இருக்கும். பிரிட்ஜுக்கு உரியது காலியாகக் கிடக்கும். அதையும் நடு பிக்கப்புக்கு உரிய காலையும் ஒன்றரை சென்டிமீட்டர் வயரால் இணைத்தால் இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். செலவு ஏறக்குறையப் பூஜ்யம். ஸ்ட்ராட்டில் இதைவிடப் பயனுள்ள மாற்றத்தைச் சொல்வது கடினம்.

மூன்றுநிலை ஸ்விட்ச்சை ஐந்துநிலையாக்குவது அடுத்தது. ஃபெண்டரே 1977இல்தான் அதற்கு மாறியது. துளைகளின் இடைவெளி ஒன்றே, சுமார் 41 மில்லிமீட்டர். ஆனால் ஏழெட்டு வயர்களைக் கழற்ற வேண்டும். அமெரிக்க வகைத் திறந்த ஸ்விட்ச்சையே வாங்குங்கள். எல்லாக் கால்களும் ஒரே வரிசையில் நிற்கும் மூடிய வகையின் ஒழுங்கு வேறு, பழைய வரைபடம் அதற்குப் பொருந்தாது. இன்னொன்று: பழைய ஸ்ட்ராட்டின் நடு பிக்கப் எதிர்ச்சுற்றுக் கொண்டதல்ல. 2, 4 நிலைகளில் ஹம் (மின் உறுமல்) அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்ட்ராட்டில் இதையெல்லாம்விடத் தூய்மையான வழி ஒன்று உண்டு. பிக்கப், பாட், ஸ்விட்ச் மூன்றும் பிக்கார்டிலேயே தொங்குகின்றன. வழக்கமாக மூன்று பற்றவைப்பைப் பிரித்தால், அதாவது ஜாக்கின் இரண்டு வயர், பின்பக்க ஸ்பிரிங் தகட்டின் எர்த், முழுப் பிக்கார்டும் கையோடு வந்துவிடும். வேறு பிக்கப்கள் வேண்டுமானால், வயரிங்கோடு தயாராக வரும் மாற்றுப் பிக்கார்டை வாங்கி அதே மூன்று இடத்தில் சேருங்கள். அந்த மூன்று பற்றவைப்பைத் தவிர மற்றெல்லாம் தொடாமல் இருக்கும். 1959 நடுவரை பிக்கார்டில் 8 துளை, பிறகு 11. 60களின் துளை இடங்கள் இன்றைய வார்ப்புகளோடு அப்படியே ஒத்துப்போகாது, ஆகவே வாங்குமுன் காகிதத்தில் அச்செடுத்து ஒப்பிடுங்கள். மரத்தில் புதுத் துளை போடும் நிலை வந்தால் அந்தப் பிக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேண்டாதவை இரண்டு. பழைய ஹம்பக்கரில் ஒரே வயரும் பின்னல் உறையும்தான் இருக்கும். சுருள்களைப் பிரிக்க வேண்டுமானால் மூடியைத் திறந்து உள்ளே வெட்ட வேண்டும். நான்கு வயர் கொண்ட புது பிக்கப் வாங்குவது மலிவு. டெலிகாஸ்டரில் நான்குநிலை ஸ்விட்ச் போட்டு இரண்டு பிக்கப்பையும் தொடராக்க ஆசைப்படுபவர் பலர். நெக் பிக்கப்பின் உலோக மூடி அதன் எர்த் வயரோடு இணைந்திருக்கிறது. தொடர் நிலையில் அந்த இணைப்பைப் பிரிக்காவிட்டால் மூடியைத் தொட்டாலே இரையும். பிரிப்பது பிக்கப்பின் அடியில் செய்யும் வேலை, அதாவது தடம் விடும் வேலை. 1967க்கு முந்தைய டெலியில் ஸ்விட்ச்சின் நெக் நிலை கனத்த கெபாசிட்டரால் மந்தமாகவே ஒலிக்கும். பழுது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள், வடிவமைப்பே அதுதான்.

வீட்டு எல்இடி விளக்குகளின் இரைச்சல் தாளாமல் உட்குடைவில் செம்புத்தாள் ஒட்டத் தோன்றும். அதன் பசை பழைய பூச்சையும் சேர்த்து உரித்தெடுக்கும். கடத்தும் கரும்பூச்சைக் கழுவ முடியாது. முதலில் விளக்கை அணைத்தும் திசை மாறி உட்கார்ந்தும் பாருங்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பொருள்களும் பற்றவைப்பும்

சிம் லிம் டவரில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், சால்டர், வயர் எல்லாம் ஒரே சுற்றில் முடிந்துவிடும். இரண்டு பிக்கப் கிட்டாருக்கு: 150 கிலோஓம் கால் வாட் ரெசிஸ்டர் 2, 1,000 பிக்கோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் 2, 0.022 மைக்ரோஃபாரட் 2 உபரியாக, 0.8 மில்லிமீட்டர் ரோசின் உள்ள 60/40 (வெள்ளீயம்/ஈயம்) சால்டர் ஒரு சுருள், சால்டர் உறிஞ்சும் செம்புப் பின்னல், 3 மில்லிமீட்டர் சுருங்குக்குழாய் அரை மீட்டர். 22 கேஜ் துணிபோர்த்திய வயரும் பாட்டும் கிட்டார் பாகம் விற்பவரிடம். பாட்டின் அளவில் ஏமாறுவோர் அதிகம். அமெரிக்க சிடிஎஸ் பாட்டுக்கு 9.5 மில்லிமீட்டர் துளை. ஜப்பானியக் கிட்டாரில் துளை 7 அல்லது 8. துளையை அகலப்படுத்தாமல் மெட்ரிக் பாட் வாங்குங்கள். தண்டின் பல்லும் வேறு: ஒன்றில் 24, மற்றதில் 18. அதனால்தான் பழைய குமிழ் புதுப் பாட்டில் ஏறுவதில்லை. ஒலியளவுக்கு ஏ வகை (காதுக்கு ஏற்ப வளைவாக மாறுவது; பி வகை நேர்விகிதத்தில் மாறும்).

ஈயமில்லாச் சால்டர் வேண்டாம். அதற்கு வெப்பம் கூடுதல் தேவை. வெப்பம்தான் பழைய பாகங்களின் எமன். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, தொடுமுன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள், காகிதத்திலும் வரைந்துகொள்ளுங்கள். உடலைத் துண்டாலும் அதன்மேல் அலுமினியத் தாளாலும் மூடுங்கள். ஒரு சொட்டுச் சால்டர் நைட்ரோவில் விழுந்தால் வடு நிரந்தரம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் அப்படித்தான், பூச்சின் அருகே திறக்கவே வேண்டாம். வெப்பம் கட்டுப்படுத்தும் அயர்னை 370 டிகிரியில் வைத்து, பாட்டின் முதுகுக்கு அகன்ற தட்டை முனையைப் போடுங்கள். ஊசிமுனை வெப்பத்தைக் கொண்டுசேர்க்காது. நீங்கள் நீண்டநேரம் அழுத்துவீர்கள், உள்ளே இருக்கும் கார்பன் பாதை கருகும். பழைய பற்றவைப்பு உருகாமல் முரண்டுபிடித்தால் துளி புதுச் சால்டரைச் சேர்த்தால் இளகிவிடும். நான்கு விநாடியில் உருகவில்லை என்றால் அயர்னை எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் முயலுங்கள். கெபாசிட்டரின் காலில் ஒரு முதலைக் கிளிப்பை மாட்டினால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். துணிவயரை உரிக்க வேண்டியதில்லை, துணியைப் பின்னோக்கித் தள்ளினாலே போதும். பிக்கப்பின் அடியிலுள்ள கண்ணிகளில் மட்டும் அயர்னை வைக்கவே கூடாது. அங்கே வந்து சேரும் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர்; அறுந்தால் மறுசுற்றுதான்.

மூடுமுன் கேபிளைச் செருகி, ஸ்க்ரூட்ரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒலியே இல்லை, மீட்டரும் பூஜ்யம் என்றால் ஜாக்கின் ஹாட் வயர் (ஒலிச்சைகை செல்லும் வயர்) எதிலோ உரசுகிறது. இரண்டு பிக்கப் சேர்ந்தால் ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் இருந்தால் ஒன்றின் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. டோன் குமிழ் ஒலியளவுக் குமிழைப்போல் முழு ஒலியையும் அமுக்கினால் கெபாசிட்டர் ஷார்ட். 10இலிருந்து 3வரை எந்த மாற்றமும் இல்லாமல் கடைசியில் சட்டென அமுங்கினால் ஏ வகைக்குப் பதில் பி வகை பாட் கொடுத்துவிட்டார்கள். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைவது இயல்பு. தொட்டதும் கூடினால் ஜாக்கில் எர்த்தும் ஹாட் வயரும் மாறியிருக்கின்றன. லெஸ் பாலில் நடு நிலையில் ஒரு குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு பிக்கப்பும் அடங்கும், அது பழுதில்லை.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, எந்த இடத்திலிருந்து எப்போது எடுத்தது என்று ஒட்டிவையுங்கள். திறப்பதற்கு முன் எடுத்த படங்களும் அளந்த எண்களும் அதோடு சேரட்டும். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். செல்லுலாய்டு பிக்கார்டை மட்டும் அந்தப் பையிலும் போடாதீர்கள், கிட்டார் பெட்டிக்குள்ளும் பூட்டாதீர்கள். அது கசியும் ஆவி பக்கத்திலிருக்கும் பாட்டையும் பிக்கப்பையும் அரிக்கும். காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில், அடுப்பும் வெயிலும் எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள்.